கட்டைவிரல் உதிர்த்த விபூதி

அந்த வருஷம் இலங்கையில் ஆளுக்கொரு வாக்கு வந்தது. கடுகண்ணாவைக்கு ஒரு சாமியார் வந்தார். வாக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்பது பலருக்கு விளங்கவில்லை. சாமியாரிடம் போனால் என்ன கிடைக்கும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. விரல் கிடைக்கும்.

ஆமாம், கால்விரல். வெட்டிப்போன விரலை மறுபடி முளைக்க வைப்பதற்கென்றே இமயமலையில் பன்னிரண்டு வருஷம் ஒற்றைக்காலில் நின்றவராம் அவர். பெயர் அங்குலியானந்த சுவாமிகள். வாய் சுளுக்கிக்கொள்ளாதிருக்கச் சனங்கள் 'விரல்சாமி' என்று சுருக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் காவியைக் கழற்றிவிட்டுப் பச்சைத் தலைப்பாகை கட்டிக்கொள்வார். அன்றைக்கு அவர் 'விரல் பாவா'. ஞானிக்கு மத பேதம் இல்லை. காணிக்கைக்கும் இல்லை.

கண்டியிலிருந்து காலையில் கடுகண்ணாவைக்குப் புறப்படும் ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நொண்டாமல் ஏறுகிறவனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவனுக்கு அங்கே என்ன வேலை? காலில் ஒரு குறையும் இல்லாத சிலர், எதற்கும் இருக்கட்டும் என்று பதினோராவது விரலுக்கு விண்ணப்பம் போடப் போனதாகவும் பேச்சு.

கண்டியை அடுத்த மஹய்யாவவில் ரொட்டி விற்கும் பாண்காரர் முத்துலிங்கத்துக்குப் பதினோராவது விரல் தேவைப்படவில்லை. பத்தாவது விரல்தான் தேவைப்பட்டது. வலது காலின் கட்டைவிரல்.

இருபது வருஷமாக அவர் பாண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்பிட்டிய மேட்டில் ஏறி இறங்கியவர். விற்காமல் மிஞ்சும் சீனிப் பணிஸை, அந்த இனிப்பு பன்னை, வீணாக்க மனம் வராது; தானே தின்றுவிடுவார். சிக்கனம் சீனி வியாதியாகப் பலன் தந்தது. முதலில் பாதம் மரத்தது. பிறகு ஒருநாள் பாதத்தில் கண்ணாடித் துண்டு ஏறியது. வலித்தால்தானே தெரியும்? நான்கு நாள் அந்தக் கண்ணாடியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மேடேறினார். ஐந்தாம் நாள் மனைவி பேச்சியம்மா முகம் சுளித்துக் கேட்டாள்.

"ஏங்க, வீட்டுக்குள்ள எலி ஏதும் செத்துக் கெடக்கா?"

எலி இல்லை, விரல். ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். அனுப்பும்போது யாழ்ப்பாணத்து டாக்டர் ஐயா ஒரு வார்த்தையை மூன்று முறை சொன்னார்.

"பார். ஒவ்வொரு நாளும் காலைத் தூக்கி வச்சுப் பார். உனக்கு நோவு தெரியாது. கண்தான் உனக்குக் காவல், பார். வெறுங்காலோடை நடவாதை. முன்பக்கம் அகலமா, அடி விறைப்பா ஒரு சப்பாத்துச் செய்விச்சுப் போடு. இன்னொரு புண் வந்தால் விரலோடை நிக்காது, கணுக்காலோடை எடுக்க வேணும். விளங்குதோ?"

விளங்கியது. கூடை, மேடு, வீட்டுச் சோறு எல்லாம் இப்போது அந்த ஒரு கணுக்காலின் மேல் நின்றன.

ஆனால் விளங்குவது வேறு, செய்வது வேறு. புண் ஆறியதும் முத்துலிங்கம் வெறுங்காலோடு கூடையைத் தூக்கினார். கட்டைவிரல் இருக்கும்போது அது ஒரு விரல். போன பிறகுதான் அது சுக்கான் என்று தெரிகிறது. இரண்டாவது வளைவில் வலது காலை உந்தி எடுத்தார். உந்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. உடம்பு ஒரு பக்கம் போனது, கூடை மறுபக்கம் போனது. பாண்கள் சாதுவாகப் படுத்துக்கொண்டன. பணிஸ்கள் உருண்டை அல்லவா? அவை மேட்டிலிருந்து கண்டி ஏரியை நோக்கி ஊர்வலமாகப் போயின.

அன்றைக்குச் சந்தைப் பக்கம் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் முஹைதீன் நானாவிடம் போனார். நானா அவர் பாதத்தை நனைத்துப் பழுப்புக் காகிதத்தில் ஊன்றச் சொன்னார். ஈரத்தடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார்.

"அடித்தோலுக்கு நடுவுல ஒரு தகடு வெச்சித் தாறேன். விரல் இல்லாத எடத்துல கம்பளி அடைச்சிடுவோம். முன்னுக்கு அகலமா ஈக்கும், மத்த விரலுகள் ஒண்டோட ஒண்டு உரசாது. மொத நாள் அரை மணித்தியாலம் நடங்க. கழட்டிப் பாருங்க. எங்கயாவது செவந்தீந்தா எனக்கிட்டக் கொண்டாங்க, நான் தட்டித் தாறேன்."

"பாண்காரன் சப்பாத்துப் போட்டா சனம் சிரிக்குமே நானா."

"பாண்காரன் உருண்டு விழுந்தா மட்டும் அழுதாங்களா?"

முத்துலிங்கம் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார். யோசிக்கவும் இல்லை. அவரைத் தின்றுகொண்டிருந்த விஷயம் வேறு. அதை மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. வெட்டிப்போன விரல் அரித்தது. இல்லாத இடத்தில் அரிப்பு. கை தானாகப் போய்க் காற்றைச் சொறிந்துவிட்டுத் திரும்பிவரும். இதை யாரிடம் சொல்ல?

சொல்லாமலே கண்டுபிடித்தவர் விரல்சாமி.

முத்துலிங்கத்தைக் கடுகண்ணாவைக்கு அழைத்துப் போனவர் தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த கங்காணி ராஜலிங்கம். அவருக்குப் போனது இடது காலின் சுண்டுவிரல். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், கட்டுப் போட்டிருந்தார். பிறகு ஒரு திரைக்குப் பின்னால் சாமியே அவிழ்த்துப் பார்த்தார். விரல் முளைக்கவில்லை. சாமி அவரை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்: "நடுவில் அவிழ்த்துப் பார்த்தீரோ?" "இல்லைங்க சாமி." "மனத்தால் பார்த்தீரோ?" கங்காணி தலைகுனிந்தார். மனத்தால் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? இப்போது இரண்டாவது மண்டலம் நடக்கிறது. நம்பிக்கையும் இரட்டிப்பாகிவிட்டது.

சாமி முத்துலிங்கத்தின் கண்ணை உற்றுப் பார்த்தார்.

"மகனே, இல்லாத விரல் அரிக்கிறதா?"

முத்துலிங்கத்தின் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "ஆமாங்க சாமி!"

"அது உன்னைத் தேடி அலைகிறது. உடம்பு போனாலும் விரலின் ஆவி போகவில்லை. நான் கூப்பிட்டால் வரும். உனக்குக் கட்டைவிரல் தருவேன். இது சத்தியம்."

வெட்டிய நரம்பு பழைய ஞாபகத்தில் இப்படிப் புலம்பும் என்று ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிற எந்தச் சிப்பந்தியும் சொல்லியிருப்பான், இலவசமாக. இலவசமாகக் கிடைப்பதை நம் சனங்கள் எப்போது நம்பினார்கள்? சாமிக்குக் காணிக்கை, போன விரல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீள வெள்ளி. சுண்டுவிரல்காரர்கள் பாக்கியவான்கள். முத்துலிங்கத்துக்குப் போனதோ கட்டைவிரல். பேச்சியம்மாவின் தண்டை இரண்டும் கழன்றன.

"என் கால்ல கெடக்கிறதவிட உங்க கால்ல முளைக்கட்டும்" என்று அவளே கழற்றிக் கொடுத்தாள். அவளும் அன்றைக்கு நம்பினாள்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

கதிரையில் உட்கார வைத்துக் காலைத் திரைக்கு அப்பால் நீட்டச் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் மந்திரம் முழங்கியது. கால் திரும்பி வந்தபோது மஞ்சள் துணியால் ஒன்பது சுற்றுச் சுற்றி, வார்வைத்த மரப் பாதுகையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. நாற்பத்தெட்டு நாளைக்கு நனைக்கக்கூடாது, அவிழ்க்கக்கூடாது, முக்கியமாகப் பார்க்கக்கூடாது.

"பார்த்தால் விரல் கூச்சப்பட்டு உள்ளே போய்விடும்" என்றார் சாமி.

முத்துலிங்கம் எழுந்து நின்றார். அதிசயம்! இல்லாத இடத்தில் ஏதோ இருந்தது. ஊன்றினால் தாங்கியது. உந்தினால் உந்தியது. அடி விறைப்பாக இருந்து, வெற்றிடமும் அடைபட்டிருந்தால் யார் காலும் உந்தும் என்பதும், இதைத்தான் முஹைதீன் நானா தகடு, கம்பளி என்று சொன்னார் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. நானா சொன்னது தோல் விவகாரம். இது தெய்வ விவகாரம்.

பத்தொன்பதாம் நாள் காலையில் கட்டின் நுனியிலிருந்து தரையில் ஏதோ கொட்டிக்கிடந்தது. மெல்லிய, வெளிறிய மாவு. பக்கத்து வீட்டிலிருந்த கங்காணியைக் கூப்பிட்டார். கங்காணி குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"விபூதி! விரல் விபூதி கொட்டுது!"

கடுகண்ணாவைக்கு ஆள் ஓடியது. "விரல் பிறக்கும் முன்பே ஞானம் பெற்றுவிட்டது" என்று சாமி சொல்லி அனுப்பினார். மஹய்யாவ திமிறியது. முத்துலிங்கத்தைக் கதிரையில் உட்கார வைத்து, காலைக் குட்டி ஸ்டூலில் ஏற்றி, கீழே பித்தளைத் தாம்பாளம் வைத்தார்கள். கொட்டக் கொட்டக் கிள்ளிக்கொண்டு போனார்கள். தலைவலிக்கு நெற்றியில். வயிற்றுவலிக்குத் தண்ணீரில். பரீட்சை எழுதப் போன ஒருவன் பேனாவுக்குள் போட்டான், பேனா அடைத்துக்கொண்டது. மூச்சிழுப்புக்காரர் ஒருவர் மூக்கால் உறிஞ்சி, அன்றைக்கு முழுவதும் தும்மினார். பாவமெல்லாம் வெளியேறுகிறது என்று விளக்கம் கிடைத்தது.

முத்துலிங்கம் தன் காலில் விழும் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் இந்தக் கால் மேடேறியது. சுடச்சுடப் பாண் கொண்டுபோய்க் கொடுத்தது. ஒருவர்கூட அதைக் கும்பிட்டதில்லை. நடந்த காலுக்கு மரியாதை இல்லை. உட்கார்ந்துவிட்ட காலுக்கு மாலை. இந்த எண்ணம் ஒரு கணம் அவரைக் குத்தியது. மாலை மணமாக இருந்தது. எண்ணம் போய்விட்டது.

முப்பதாம் நாள் முஹைதீன் நானா வந்தார். தாம்பாளத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தார். மோந்து பார்த்தார்.

"தம்பி, கோவிச்சிக்க வாணாம். எங்கட கடையில கால் மாதிரி செதுக்கின மர அச்சுகள் ராக்கைத் தட்டுல ஈக்கி. வண்டு தின்னா இதே மாதிரித்தான் மா கொட்டும். நான் கூடைக் கணக்குல கூட்டித் தள்ளீக்கேன்."

"நானா, அது மரம். இது என் காலு."

"அதத்தான் நானும் கேக்குறேன். இது ஒங்கட கால்தானா?"

கூட்டம் உறுமியது. நானா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுப்படி வாசலில் நின்ற பேச்சியம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் சரியில்லை. கூட்டம் கலைந்ததும் புருஷனின் காலருகே உட்கார்ந்து மூச்சை இழுத்தாள்.

"ஏங்க. எலி செத்த வாடை அடிக்குது."

முத்துலிங்கம் வேட்டியைக் கால்மேல் இழுத்துவிட்டார்.

"அன்னைக்கு அடிச்ச அதே வாடை. அவுத்துப் பாப்போங்க."

"பாத்தா விரல் கூச்சப்படும் புள்ள. இன்னும் பதினெட்டு நாள்தான்."

"காலு முக்கியமா, விரலோட கூச்சம் முக்கியமா?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். உள்ளே பயம் இருந்தது. அவிழ்த்தால் விரல் இருக்காதோ என்ற பயம். அவிழ்க்காவிட்டால் கால் இருக்காதோ என்ற பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. மனுஷ மனம் அப்படி. பேச்சியம்மா அடுப்பை ஊதிக்கொண்டே நெடுநேரம் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முற்பகலில் விரல்சாமியே மஹய்யாவவுக்கு எழுந்தருளினார். மேளம், தவில், முன்னால் கொடி. கங்காணி சாமரம் வீசினார். தாம்பாளத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். சாமி தாடியைத் தடவியபடி முத்துலிங்கத்தின் காலருகே குனிந்து நின்றார். ஓரத்தில் முஹைதீன் நானாவும் வந்து நின்றார்.

பேச்சியம்மா கையில் ஒரு சிரட்டையோடு முன்னால் வந்தாள்.

"சாமி, படிக்காதவ கேக்குறேன். விபூதின்னா என்னாங்க?"

சாமிக்கு உற்சாகம். "எரிந்து அடங்கியது, தாயே. இனி எரிய ஒன்றும் இல்லாதது. அதுவே ஞானம்."

"அப்ப அது மறுபடி எரியாதுங்களா?"

"எரிந்து முடிந்தது எப்படியம்மா மறுபடி எரியும்? ஒருக்காலும் எரியாது!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் பேச்சியம்மா. சிரட்டையில் இருந்தது அடுப்புச் சாம்பல். ஒரு பிடி அள்ளிக் கற்பூரச் சுடரின் மேல் தூவினாள். சுடர் முனகிவிட்டுத் தலை தாழ்த்தியது.

"இது எரிஞ்சு முடிஞ்சது. சரிதானுங்களே?"

பிறகு தாம்பாளத்திலிருந்த விரல் விபூதியில் ஒரு பிடி அள்ளினாள். தூவினாள்.

குப்பென்று பற்றியது. பொறி பறந்தது. சாமியின் தாடி நுனி பொசுங்கிச் சுருண்டது. தச்சுப் பட்டறை வாசனை தெருவெல்லாம் வீசியது.

மேளம் நின்றது. பிறகு கங்காணி கைகளைத் தூக்கினார்: "ஞான அக்கினி! அரோகரா!" பாதிக் கூட்டம் அரோகரா போட்டது. நம் கூட்டத்துக்கு எதைக் காட்டினாலும் அரோகரா போடத் தெரியும். அதைத்தான் முதலில் பழகியிருக்கிறது.

"கங்காணி ஐயா, வெறகு எரிஞ்சாலும் அரோகராவா?" என்று கேட்டபடி பேச்சியம்மா பாண் வெட்டும் கத்தியோடு புருஷனின் காலருகே மண்டியிட்டாள். "சாம்பல் எரியாது. மரத்தூள்தான் எரியும். உங்க காலுக்குள்ள மரம் இருக்குங்க. அவுக்கவா?"

"தொடாதே! பார்த்தால் போய்விடும்!" என்று சாமி அலறினார்.

காலை இழுத்துக்கொள்ள முத்துலிங்கத்துக்கு ஒரு கணம் இருந்தது. சாமி 'பார்க்காதே' என்கிறார். டாக்டர் 'பார்' என்றார், மூன்று முறை. பார்த்தால் போய்விடும் பொருள் எதுவாக இருந்தாலும், அது முதலில் இருந்திருக்குமா?

"அவு" என்றார்.

ஒன்பது சுற்றும் கழன்றன. உள்ளே, ஒரு விரல். முள்முருங்கைக் கட்டையில் செதுக்கியது. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நடுவார்களே, அந்த மரம். நகத்துக்கு ரோஸ் சாயம் பூசியிருந்தது. பச்சை மரத்தில் செதுக்கியதால் வண்டு குடியேறி, இடியப்ப உரலின் அடித்தட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக்கியிருந்தது. ஓர் ஓட்டையிலிருந்து ஒரு வண்டு வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தது. பக்தர்கள் அதிகம் என்று நினைத்ததோ என்னவோ, மறுபடி உள்ளே போய்விட்டது.

மரம் உரசிய இடத்தில், இரண்டாம் விரலின் அடியில், ஒரு புண். மாங்கொட்டை அளவு. முத்துலிங்கம் அதைப் பார்த்தார். ஒன்றும் வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவரைப் பயமுறுத்தியது.

சாமி அப்போதும் அசரவில்லை. நிமிர்ந்து நின்று கையை உயர்த்தினார்.

"பக்தர்களே! நான் என்ன வாக்குக் கொடுத்தேன்? கட்டைவிரல் தருவேன் என்றேன். இதோ பாருங்கள், கட்டை. இதோ, விரல். கட்டைவிரல்! சொன்ன சொல் தவறினேனா?"

நம்பமாட்டீர்கள். கூட்டத்தில் பத்துப் பதினைந்து தலைகள் ஆடின. "வாஸ்தவந்தானே, கட்டைவிரல்னுதானே சொன்னாரு" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு இலக்கணம் விளக்கினார். "மரத்துப்போன காலுக்கு மரவிரல் பொருத்தந்தானே?" என்றார் இன்னொருவர். தமிழின் அழகில் மஹய்யாவ ஒரு நிமிஷம் சொக்கி நின்றது.

காப்பாற்றியவர், யாரும் எதிர்பாராத கங்காணி ராஜலிங்கம். சாமரத்தைக் கீழே போட்டார். நெற்றியைச் சுருக்கினார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த நெற்றிக்குள் ஏதோ ஓடியது.

"இருங்க சாமி. எனக்குப் போனது சுண்டுவிரலு. அப்ப என் கட்டுக்குள்ள என்னா இருக்கு?"

அங்கேயே உட்கார்ந்து தன் கட்டுத் துணியைப் பிய்த்தார். உள்ளே அதே ரோஸ் நகம், அதே அளவு. சுண்டுவிரல் இருந்த இடத்தில் ஒரு கட்டைவிரல்!

"அடப்பாவி, ரெண்டு மண்டலமா இதனாலதான் என் செருப்பு நொழையலையா!"

அங்குலியானந்தர் ஓடினார். குமிழ்ப் பாதுகையோடு மஹய்யாவ இறக்கத்தில் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். முதல் வளைவில் பாதுகை பறந்தது. இரண்டாவது வளைவில் தாடி முழுவதுமே கழன்று முள்வேலியில் தொங்கியது. சாக்கடைக் காணுக்குள் விழுந்தவரைக் கூட்டம் தூக்கிப் போலீஸ் கொன்ஸ்தாபிளிடம் கொடுத்தது. மண்ணில் பதிந்திருந்த சாமியின் காலடித் தடத்தை முஹைதீன் நானா தொழில் பழக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். பத்து விரலும் முழுசா ஈக்கி" என்றார்.

வெள்ளி போன இடம் தெரியவில்லை. பேச்சியம்மாவின் கால் அதற்குப் பிறகு வெறுங்காலாகவே இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐயா புண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இன்னும் நாலு நாள் பிந்தியிருந்தால் கணுக்கால்தான்" என்றார். ஏழு வாரம் படுக்கை. கால் பிழைத்தது.

எட்டாவது வாரம் முஹைதீன் நானா சப்பாத்தைக் கொண்டுவந்தார். ஒரே சோடியில் இரண்டு அளவு. வலது முகப்பு வாத்தின் அலகு மாதிரி அகலம். முத்துலிங்கம் கையை உள்ளே விட்டுக் கல், ஆணி ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு போட்டார். முதல் நாள் அரை மணி. கழற்றினார், பார்த்தார். சிவப்பு இல்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம். மூன்றாவது மாதம் கூடையோடு அம்பிட்டிய மேட்டில் ஏறினார். பணிஸ்கள் கூடைக்குள்ளேயே இருந்தன. இல்லாத விரல் அப்போதும் எப்போதாவது அரித்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இல்லாதது ஆயிரம் அரிக்கும்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். முன்னால் கங்காணி, கையில் மாலையோடு.

"முத்துலிங்கம், அந்தச் சப்பாத்தக் கழட்டி அந்த ஸ்டூல்ல வைய்யி. சக்தியுள்ள சப்பாத்துப்பா அது. ஒருவாட்டி தொட்டுக் கும்பிட்டுப் போறோம்."

முத்துலிங்கம் கதிரையில் உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றினார். ஸ்டூலில் வைக்கவில்லை. தன் பாதத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்த்தார். பார்த்து முடிக்கும்வரை நாற்பது பேரும் குனிந்தபடி காத்திருந்தார்கள்.

"குனிஞ்சது குனிஞ்சீங்க" என்றார் முத்துலிங்கம். "அப்படியே உங்க உங்க கால ஒருவாட்டி பாத்துக்கிட்டுப் போங்க. அடுத்தவன் கால்ல விழ வளையிற முதுகு, சொந்தக் காலப் பாக்க மட்டும் ஏன் வளைய மாட்டேங்குது?"